கலியமூர்த்தி படத்துல என்ற குரல்

வாங்க அம்முணி, உள்ள வாங்க. செருப்ப அப்படி ஓரமா விட்டுட்டு வாங்க. இந்தச் சேர்லதான் உங்கப்பா உக்காருவாரு, இதுலயே உக்காருங்க. ஏ புள்ள, ஒறம்பர வந்திருக்குது பாரு. ஒரு காபி கொண்டா.

கலியமூர்த்தி மவளா நீங்க. மூக்கு அப்படியே உங்கப்பா மூக்குங்க. அவரு வெளியிடாமயே போயிட்ட அந்தக் கடைசிப் படத்தக் கொண்டாந்திருக்கறேன்னு போன்ல சொன்னீங்கல்ல, இந்த மடிக்கற கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளயா இருக்குது? சரி, இருக்கட்டும். போடலாம், என்ன அவசரம். மொதல்ல நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. உங்கப்பா படத்தப் பத்திப் பேசறதுக்கு இந்தக் கோபியில எனக்கு ஒரு ஆளு கெடையாது. மஞ்ச மண்டிக்கு வர்றவன்கிட்ட ஆரம்பிச்சா, "ஏனுங்க மாமா, பைட்டு இருக்குதுங்ளா, பாட்டு இருக்குதுங்ளா"ங்கறான். ரெண்டும் இல்லடான்னா எந்திரிச்சுப் போயிடறான். அவனுக்கென்ன தெரியும்.

கோபிக்கு சூட்டிங்கு புதுசில்லீங்க. வருவாங்க, வயல் வரப்புல ரெண்டு ஆட்டம் ஆடுவாங்க, ஆலமரத்தடியில பஞ்சாயத்து வெப்பாங்க, போயிருவாங்க. ஆனா உங்கப்பா வந்தது மாதர யாரும் வந்ததில்ல. ஒரு சித்திர மாசம், நல்ல வெயில். தோள்ல ஒரு துண்டு, கால்ல ரப்பர் செருப்பு. டைரக்டருன்னே நான் நம்பல. வூட்டச் சுத்திப் பாத்துப்போட்டு, "இந்த வீடுதாங்க வேணும், அடுத்த மாசம் வரேன், இப்படியே இருக்கட்டும்"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

இப்படியே இருக்கட்டும்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? சினிமாவுல வரப்போற வூடுங்க. ஊரே பாக்கப்போகுது. ஆள் வெச்சு வூடு பூராவும் வெள்ளையடிச்சேன். தூணுக்கெல்லாம் பச்சப் பெயிண்டு. வாசக்காலுக்கு மேல பிளாஸ்டிக் பூ மால. உங்கப்பா வந்து எறங்கி, ஆசாரத்து நடுவுல நின்னு, நாம உக்காந்திருக்கற இந்தக் கூடத்துலதான், சுத்தி முத்திப் பாத்தாரு. பொணம் விழுந்த வூட்டுக்கு வந்தவராட்டம் நின்னாரு. பொறவு எங்கூட்டுக்காரிகிட்ட, "அம்மா, வெள்ளையடிக்காத இடம் எதாச்சும் மிச்சம் இருக்கா?"ன்னாரு. அவ சமையக்கட்டக் கைகாட்டுனா. அதுக்கு மட்டும் நான் அடிக்கலீங்க. சமையக்கட்ட எவன் வந்து பாக்கப்போறான்னு விட்டுட்டேன்.

அப்படித்தான் அந்தப் படம் பூராவும் சமையக்கட்டுக்குள்ள எடுத்தது. இன்னிக்குப் பெரிய பெரிய ஆளுக எழுதறாங்களாமே, "பொகையேறின அந்தச் சுவரே ஒரு கதாபாத்திரம்"னு. அதுக்குக் காரணம் நான். அத எங்கயும் எழுதல. ஏ புள்ள, காதுல விழுதா, காபி கேட்டேனே.

மொத நாளே உங்கப்பா அவகிட்ட, "உங்க பேரென்னம்மா?"ன்னு கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. "அதெதுக்குங்க, சும்மா அம்மான்னே கூப்பிடுங்க"ன்னு நாந்தான் சொன்னேன். சங்கதி என்னன்னா, அவ பேரும் எங்கம்மா பேரும் ஒண்ணு. கல்யாணம் ஆகி வந்தன்னிக்கே எங்கம்மா சொல்லிப்போடுச்சு, "இந்த வூட்ல அந்தப் பேரு எனக்கு மட்டும்தான், அவள அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது"ன்னு. ஞாயந்தானுங்களே. பெத்தவ பேரச் சொல்லி, சோத்தப் போடு, தண்ணியக் கொண்டான்னு அதட்ட முடியுங்களா? வேற பேரு வெக்கலாம்னாங்க, அது அப்படியே தட்டிப்போச்சு. கொழந்த இருந்திருந்தா அது பேரச் சொல்லி, இன்னாரு அம்மான்னு கூப்பிட்டிருக்கலாம். அதுக்கும் குடுப்பின இல்ல. அதனால ஏ புள்ளதான். அவளும் அதுக்குப் பழகிக்கிட்டா. எங்கம்மா போயே எத்தனையோ வருசமாச்சு, இருந்தாலும் வாயி வரோணுமல்ல.

ஆனா அன்னிக்கு அவ மெதுவா உங்கப்பாகிட்டப் பேரச் சொல்லிப்போட்டா. சொல்லிப்போட்டு முந்தானிய வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சா. அந்தச் சிரிப்ப நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அதுலருந்து அந்த மாசம் பூராவும் உங்கப்பா அவ பேரச் சொல்லி, கூட ஒரு அம்மா சேத்துத்தான் கூப்பிடுவாரு. எனக்கு என்னமோ மாதர இருக்கும். மேல மாட்டியிருக்கற எங்கம்மா போட்டோவ ஒருக்கா பாத்துக்குவேன்.

தப்பா நெனச்சுக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. சாயங்காலம் சூட்டிங்கு முடிஞ்சா பொடக்காலியில, பொறத்தால அந்தத் தொவைக்கற கல்லு இருக்குது பாருங்க, அதுல உங்கப்பா உக்காந்திருப்பாரு. அவ கீழ உக்காந்து அவரக்கா உரிச்சுட்டு இருப்பா. பேசுவாங்க. என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் போனா ரெண்டு பேரும் நிறுத்திக்குவாங்க. அவ பேசுவாங்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். அதத்தான் அம்முணி உங்ககிட்டக் கேக்கோணும்னு இருக்கறேன். உங்கப்பா உங்ககிட்ட எதாச்சும் சொல்லியிருக்காருங்களா? அவ என்ன பேசுனான்னு?

தெரியாதா. சரி. படத்தப் பாத்தா தெரியும்னு சொன்னாரா? சரி, அப்பப் பாக்கலாம். இருங்க, என்ற கதைய முடிச்சுக்கறேன்.

மத்த டைரக்டரெல்லாம் ஸ்டார்ட்டு, கட்டுன்னு தொண்ட கிழியக் கத்துவாங்க. உங்கப்பா வாயே தெறக்க மாட்டாரு. தோள்ல கெடக்கற துண்ட எடுத்து மடியில போடுவாரு. துண்டு மடியில இருந்தா கேமரா ஓடுதுன்னு அர்த்தம். தோளுக்குப் போனா நின்னுபோச்சுன்னு அர்த்தம். யூனிட்டு ஆளுகளுக்குத் தெரியும், எனக்கு யாரு சொன்னா? ஒரு மத்தியானம் மண்டியிலருந்து வந்தேன். நல்ல தாகம். ஆசாரத்துல உக்காந்து, "ஏய், எங்க செத்துத் தொலஞ்ச, தண்ணி கொண்டாடி"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். வழக்கமாக் குடுக்கறதுதானுங்க.

உள்ள சூட்டிங்கு ஓடிட்டிருந்திருக்குது. அந்த நடிகப் பொண்ணு அடுப்புக்கு முன்னாடி நின்னு அழுகோணும், அதான் சீனு. எங்கூட்டுக்காரி கேமராவுக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தவ, என்ற சத்தத்தக் கேட்டதும் படக்குன்னு எந்திரிச்சு, கைய நீட்டி, அந்தப் பொண்ணுக்கு முன்னாடி இருந்த சொம்ப எடுத்துட்டு வந்துட்டா. கேமரா ஓடறதெல்லாம் அவளுக்கு நெனப்பில்ல. காரியம் கெட்டுப்போச்சுன்னு நான் எட்டிப் பாக்கறேன், உங்கப்பா மடியில துண்டு அப்படியே கெடக்குது. அந்தப் பொண்ணு, சொம்பு இருந்த வெறும் இடத்தையே பாத்துட்டு நிக்குது. பொறவு அதுவும் வெளிய போயிருச்சு. உங்கப்பா துண்ட எடுக்கவே இல்ல. ஆளில்லாத சமையக்கட்ட கேமரா பாத்துட்டே இருக்குது. அதுதான் அவரு பாணிங்க. எல்லாரும் போன பொறவும் அவரு கேமரா போகாது. ஆளு போன இடத்துல ஆளு இன்னும் இருக்கறாப்பல இருக்கும் பாருங்க, அத எடுக்கறதுக்கு அவர விட்டா ஆளு கெடையாது.

படம் வந்துது, "மத்தியான வெயில்". ஈரோட்டுல போய்ப் பாத்தேன். என்ற குரல் அப்படியே வருதுங்க. டப்பிங்கெல்லாம் பண்ணாம, அங்கயே புடிச்ச சத்தத்த அப்படியே வெச்சிருந்தாரு. ஆளத் தெரியாது, குரல் மட்டும்தான். பக்கவாட்டுலருந்து ஒரு கை வரும். ரெண்டு கண்ணாடி வளையலு, ஒரு பச்ச, ஒரு செகப்பு. சொம்ப எடுக்கும். அவ்வளவுதான். தியேட்டருல இருந்ததே கொஞ்சம் பேருங்க. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒரு பொம்பள, "இவன் வாயில மண்ணு விழ"ன்னுச்சு பாருங்க. எனக்கு அப்படியே சிலுத்துப்போச்சு. ஒரு குரலு மனசுக்குள்ள எறங்கலைன்னா அப்படிச் சொல்லுவாங்களா? எத்தன நடிகனுக்கு அந்தப் பேரு கெடைக்கும்? படம் ஒரு வாரம் ஓடல. அது சனங்க தலையெழுத்து.

அவளக் கூட்டிட்டுப் போகலீங்க. கேட்டா, "நானும் வரட்டுமா"ன்னு. இதெல்லாம் உனக்குப் புரியாது, பாட்டு கூட இல்லன்னுட்டேன்.

ரெண்டாவது படம் "பகல் வண்டி". உங்களுக்குத் தெரியாததா. ஒரு பொம்பள மத்தியானம் வூட்டக் கூட்டிப்போட்டு, தொடப்பத்த மூலையில வெச்சுட்டு, மஞ்சப்பைய எடுத்துட்டுப் போயி பஸ் ஏறுவா. அவ்வளவுதான் கத. ஊருக்கு மேல ஊரு போயிட்டே இருக்கும். கொய்யாக்காயில உப்பு வெச்சுத் தின்னுவா. ஏன் போறா, எங்க போறான்னு ஒரு வார்த்த கெடையாது. "என்னய்யா படம்"னு ஆப்பரேட்டருகிட்டயே சண்டைக்குப் போனாங்க. நான் அசையாம உக்காந்திருந்தேன். ஏன்னா அதுல நடிச்ச பொம்பள, கொய்யாக்காயக் கடிக்கறதுக்கு முன்னாடி முந்தானையில ஒருக்கா தொடைப்பா. அது எங்கூட்டுக்காரி தொடைக்கற மாதரயே இருக்குது. நடக்கறதும் அப்படியே. உங்கப்பா பாத்து வெச்சிருந்திருக்காரு.

வூட்டுக்கு வந்து அவளுக்குக் கதையச் சொன்னேன். பூராவும் கேட்டுட்டு, "எந்த ஊருல எறங்குனா?"ன்னா. எறங்கவே இல்ல, அதுக்குள்ள படம் முடிஞ்சிருதுன்னேன். "நல்லது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா. அன்னிக்குக் கொழம்புல உப்பே இல்ல. நல்லாத் திட்டினேன்.

மூணாவது "மாவு மில்லு". அதே பொம்பளதான்னு நான் நெனச்சுக்குவேன், பஸ்சுல போனவ. எங்கயோ ஒரு ஊருல மாவு மில்லு வெச்சிருப்பா. புருசன் தேடிட்டு வருவான். இவ தலையிலருந்து கால் வரைக்கும் மாவு, வெள்ளவெளேர்னு நிக்கறா. அவனுக்கு அடையாளம் தெரியாது. ஏய், ஏய்னு கத்துவான். கத்தறது என்ற குரலுங்க. நான் கூட இருந்து சொல்லிக் குடுத்தாப்பல அந்த நடிகன் அப்படியே கத்தறான். அவ அவன் பையில வெச்சிருந்த கம்புத் தானியத்த வாங்கி அரச்சு, பையக் கட்டிக் குடுத்தனுப்பிருவா. அவன் போன பொறவு மில்ல நிறுத்துவா பாருங்க, அந்தச் சத்தம் அடங்கறது. தியேட்டரே அடங்கிப்போச்சுங்க.

அதையும் அவகிட்டச் சொன்னேன். "கூப்பிட்டுப் பாத்திருக்கலாமல்ல"ன்னா. கூப்பிட்டாங்கறேன், ஏய் ஏய்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தறான், மில்லுச் சத்தத்துல எப்படிக் கேக்கும்னேன். அவ என்னையவே பாத்துட்டு இருந்தா. அவளுக்கு எங்க புரியப்போகுது.

எனக்கொரு வருத்தம் இருக்குதுங்க. உங்கப்பாகிட்ட நேர்லயே கேக்கோணும்னு இருந்தேன். அவளுக்குப் பஸ்சக் குடுத்தாரு, மில்லக் குடுத்தாரு. நெசத்துல அவ எங்கயும் போகல. பவானிக்குக் கூடத் தனியாப் போனவ இல்ல. அவளுக்கு என்ற வூட்டுல என்ன கொறைன்னு இவரு இப்படிப் படம் படமா எடுத்தாரு? சொல்லுங்க.

காபி இன்னும் வரல பாருங்க. அட, இருங்க இருங்க, நீங்க உள்ள தேடிப் போகாதீங்க. பழக்கதோசம். சமைக்க வர்ற பொம்பள காத்தால வந்துட்டுப் போயிரும். பிளாஸ்க்குல காபி இருக்கும், அந்த மேசமேல. நீங்களே ஊத்திக்குங்க, எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க.

அவ போயிட்டாளுங்க. போன மாசியில. உங்களுக்குத் தாக்கல் தெரியாதா? உங்கப்பா அதுக்கு முன்னாடியே தவறிட்டாரல்ல, யாரு சொல்லுவா.

மத்தியானந்தான். சாப்பிட்டுப்போட்டு இங்க உக்காந்திருந்தேன். ஏ புள்ள, தண்ணின்னேன். வரல. மறுக்காக் கூப்பிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துருச்சு. திட்டுனேன். பத்து ஊருக்குக் கேக்கற மாதரத் திட்டுனேன். அப்பவும் வரல. வரட்டும், வந்தாப் பாத்துக்கலாம்னு நானும் வீம்பா உக்காந்துட்டேன். வெயில் இந்தத் தூணுலருந்து அந்தத் தூணுக்குப் போயிருச்சு. சாயங்காலம் பக்கத்து வூட்டுப் பொம்பள பொடக்காலி வழியா மோரு வாங்க வந்தவ கத்துனா. தொவைக்கற கல்லுகிட்ட விழுந்து கெடந்திருக்கறா. அந்தக் கல்லுதான். கூப்பிட்டப்ப அவ ஒரு சத்தம் குடுத்திருக்கலாமல்லங்க. இத்தன வருசத்துல கூப்பிட்ட கொரலுக்கு வராம இருந்தவளே இல்ல. அன்னிக்கு மட்டும் ஏன் அப்படிப் பண்ணுனான்னு எனக்கு இன்னும் ஆறல.

சொந்தக்காரங்க, ஒரு போட்டோவ மாட்டுங்கறாங்க. ஏது போட்டோ. கல்யாணத்துல எடுத்தது செல்லரிச்சுப்போச்சு. அந்தக் கையி இருக்குதல்ல, "மத்தியான வெயில்" படத்துல, அதுதான் இருக்கறது. அண்ணம் பையன் போன்ல ஏத்திக் குடுத்திருக்கறான். நான் கூப்பிடுவேன், கை வரும், சொம்ப எடுக்கும். மறுக்கா வெப்பேன். கூப்பிடுவேன், வரும். வந்துட்டுத்தான் இருக்குது. சோறு திங்கறப்பக்கூட வெச்சுப் பாப்பேன். படத்துல வர்றவ வூட்டுல ஏன் வர மாட்டேங்கறா?

சரி, போடுங்க. அந்தக் கடைசிப் படத்தப் போடுங்க. சன்னல சாத்தட்டுமா? வேண்டாமா, சரி.

இது எங்க ஆசாரம் இல்லீங்க. தூணு வேற. ஆனா சேரு இங்க இருக்கற மாதரயே போட்டிருக்காரு. கெழவன் ஒருத்தன். யாரு இந்த ஆளு, புதுசா? நல்லா உக்காந்திருக்கறான். கூப்பிடறான் பாருங்க. ஏய், தண்ணி. அட, என்ற கொரலேதான். யாரையோ புடிச்சுப் பழக்கியிருக்காரு.

யாரும் வரலையே.

மறுக்காக் கூப்பிடறான். அந்தச் சமையக்கட்டப் பாருங்க, ஆளில்லாம. பைப்புல தண்ணி சொட்டற சத்தம் மட்டும். உங்கப்பா துண்டு மடியிலயே கெடந்திருக்கும், எனக்குத் தெரியுமே. திட்டறான். ம். வெயில் தூணு மாறுது பாருங்க. அம்முணி, இத எப்ப எடுத்தது? அவ போறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியா? அப்ப அவ இருந்தாளே. இங்கதான் அவரக்கா உரிச்சுட்டு இருந்தா. உங்கப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவ சொன்னாளா? அந்தக் கல்லுகிட்ட உக்காந்துட்டு இதத்தான் சொன்னாளா, இப்படித்தான் ஆகும்னு?

இல்ல, நிறுத்தாதீங்க. ஓடட்டும்.

என்னங்க இவன், கூப்பிட்டுட்டே இருக்கறான். எந்திரிச்சுப் போய்ப் பாக்கலாமல்ல? ரெண்டு எட்டு வெச்சா சமையக்கட்டு. மடையன். எந்திரிடா. பாருங்க, இருட்டவே ஆரம்பிச்சுருச்சு, அப்படியே உக்காந்திருக்கறான். தொண்ட போச்சு அவனுக்கு. வாயத் தெறக்கறான், சத்தம் வரல. பாவமா இருக்குதுங்க.

இருங்க.

இப்ப என்ன சொன்னான்? அது அவ பேரு. அம்முணி, அது அவ பேருங்க. அவ பேரச் சொல்லிக் கூப்பிடறான்.

வளையல் சத்தம்.

முடிஞ்சுதா? இவ்வளவுதானா? வரலையே. யாரும் வரலையே, சத்தம் மட்டும்தான. அந்தச் சத்தம் படத்துல கேட்டுதா, இங்க உள்ளயிருந்து கேட்டுதா? சரியாச் சொல்லுங்க. உங்களுக்குக் கண்ணு ஏன் கலங்குது? படந்தான. உங்கப்பா சும்மா பயமுறுத்தியிருக்காரு. நெசத்துல அப்படி இல்லீங்க. நெசத்துல நான் கூப்பிட்டா வருவா.

அந்தப் பொட்டிய மூடுங்க. ஃபேன நிறுத்துங்க, அது வேற கடகடன்னு. எங்கம்மா போட்டோவக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வையுங்க, எனக்கு எட்டாது. நான் எந்திரிச்சுக்கறேன். சுவரோட வையுங்க. ஆமா, அப்படித்தான்.

வாயி வரமாட்டேங்குதுங்க.

பூவாத்தா.

சித்த பேசாம இருங்க அம்முணி. பூவாத்தா. தண்ணி வேண்டாம். சும்மாதான் கூப்பிட்டேன்.